இரண்டாவது விட்டு

அம்மாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது. விட்டு விட்டு வருது. வாசலில் நின்று கேட்பவர்களுக்கும், ஆலயம் முடிந்து வரும் வழியில் குடையைச் சரித்துக்கொண்டு கேட்பவர்களுக்கும், மஸ்கட்டிலிருந்து போனில் கேட்கும் அப்பாவுக்கும் அதே பதில். கேட்டவர்கள் உச்சுக் கொட்டிவிட்டு, மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை என்பதுபோல் போய்விடுவார்கள். நான் அப்போது ஒன்றாம் வகுப்பை முடித்திருந்தேன். சித்திரை வெயிலில் தொடங்கிய காய்ச்சல் அது. அந்தக் கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டு முன்வாசலில் நட்சத்திரம் தொங்கவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். இத்தனை வருடங்கள் ஆன பிறகும், வானிலைச் செய்தியில் விட்டு விட்டு மழை பெய்யும் என்று வாசிக்கும்போது என் கை தானாகப் போய் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறது.

அம்மா நெய்யூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னைத் தூக்கும்போது அவள் சேலையில் வைட்டமின் மாத்திரையின் வாசனை அடிக்கும். மருந்துப் பெட்டிகளுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, எறும்பு எழுத்துகளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படிப்பாள். படித்து முடித்ததும் அவை எனக்குக் கப்பல் செய்ய வந்துவிடும். ஆகவே தனக்கு என்ன வந்திருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவுக்கு ஒரே காய்ச்சல் மூன்று பெயர்களில் வந்தது என்பதுதான்.

முதல் பெயரை ஒரு டாக்டர் சொன்னார். நெய்யூரில் அவரிடம் போனபோது என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். அவர் அம்மாவின் கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் தொட்டுப் பார்த்தபடியே, இன்டர்மிட்டன்ட் என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார். எனக்கு அந்தச் சாயலில் தெரிந்த ஒரே வார்த்தை இன்டர்வெல். சினிமாவில் இன்டர்வெல் விட்டால் எல்லோரும் வெளியே போய் முறுக்கு வாங்கித் தின்றுவிட்டு வருவார்கள். அம்மாவுக்கு வந்திருப்பது அப்படிப்பட்ட, சிரமமில்லாத ஒன்று என்று நினைத்தேன்.

இரண்டாவது பெயர் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. இங்கே பார்த்தது போதாது என்று அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த நர்ஸ், இடவிட்டுள்ள பனியா என்று மலையாளத்தில் யாரிடமோ சொன்னாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு அது தெரியும். நான் அறிந்த பனியோ பாடப்புத்தகத்தில் புல்லின் நுனியில் இருந்தது. ஆகவே அந்த ஆங்கிலக் காய்ச்சல் போய் அதற்குப் பதிலாகக் குளிர்ச்சியான ஏதோ வந்திருக்கிறது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ரயிலில் திரும்பி வரும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் சிரித்தாள். அதற்குப் பிறகு, நாங்கள் இறங்கவேண்டிய இரணியல் வரைக்கும் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

மூன்றாவது பெயர்தான் வீட்டில் தங்கியது.

வைகாசி கடைசியில் இடவப்பாதி மழை தொடங்கியபோது அப்பா வந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருகிறவர். பிஸ்தாவும் சோப்பும் தைலமும் அட்டைப்பெட்டியில் வரும். அவற்றின் வாசனை போவதற்குள் அவரும் போய்விடுவார். அவர் வருவதும் விட்டு விட்டுத்தான் என்றாலும் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை. இந்த முறை அட்டைப்பெட்டி இல்லாமல் வந்தார். நான் அவரிடம் அவ்வளவு ஒட்டவில்லை. அவரும் என்னை எங்கே தொட்டுத் தூக்குவது என்று தெரியாதவர்போல், தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு நின்றார். அவர் வெல்டர். விரல் நுனிகள் தீப்பட்டுத் தடித்து வெடித்திருக்கும்.

அவர் வந்த மறு திங்கட்கிழமை காலையில் நான் சீப்பும் ரிப்பனும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச்சடை பின்னி, மடித்து, சிவப்பு ரிப்பன் கட்டிப் போகவேண்டும். அம்மா என் தலையில் கைவைக்காமல் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வாருங்க. பிள்ளைக்க முடியப் பின்னி விடுங்க."

அப்பா சாயா கிளாஸோடு வந்து, வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். அப்பா கிளாஸைக் கீழே வைத்தார்.

வகிடு எடுப்பதற்கே நெடுநேரமானது. சீப்பின் வால் என் மண்டையில் கோணல்மாணலாக ஊர்ந்தது. மூன்றாகப் பிரிக்கச் சொன்னாள். பிரித்தார். வலப்பக்கத்து முடியை நடுவில் போடச் சொன்னாள். போட்டார். இடப்பக்கம் எடுப்பதற்குள் வலப்பக்கத்தை விட்டுவிட்டார். விரல் வெடிப்புகளில் முடி மாட்டிக்கொண்டு சுண்டி இழுக்க, நான் கத்தினேன். அவர் பயந்துபோய் மொத்தத்தையும் விட்டுவிட்டார். அம்மா பொறுமையாக, பைய, பைய என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கை அவள் மடியிலேயே இருந்தது. ஒரு சடை தடியாகவும் மற்றது மெலிந்தும் வந்தன. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருக்கும் பெண், ஒண்ணு பாம்பு, ஒண்ணு மண்புழு என்றாள். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. இன்டர்வெல் நேரத்தில் அவிழ்த்துச் சரியாகப் பின்னிவிட்டார்.

சாயங்காலம் அம்மா என் தலையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யாரு அவுத்தா?"

சொன்னேன். அவள் என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, "இனி டீச்சர் கேட்டாவன்னா வேண்டாம்னு சொல்லணும், மக்களே. எப்பிடி இருந்தாலும் அப்பா பின்னுனத அப்பிடியே வச்சுக்கிட்டு வரணும்" என்றாள். நல்லதுக்குச் செய்த டீச்சர்மேல் அவளுக்கு ஏன் கோபம் என்று விளங்கவில்லை. அம்மாவுக்கு என்மேல் பாசம் குறைந்துவிட்டது என்று முடிவு செய்தேன். காய்ச்சல் பாசத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்போல என்று நினைத்தேன்.

காய்ச்சல் நாட்களில் அவள் என் முடியைத் தொடாததைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அந்த நாட்களில் அவள் இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பாள். பல் கிட்டும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். பிறகு ஒரு காலையில் வியர்வையில் நனைந்து எழுந்து, குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எனக்கு ஆப்பம் சுட்டுத் தருவாள். இப்படிப்பட்ட நாட்களிலும் சீப்பைத் தொடமாட்டாள் என்பதுதான் என் குறை. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஒனக்குத்தான் விட்டாச்சே. நீ பின்னேன்."

"விட்டாச்சு. இன்னைக்கு கண்ணு தெளிவா இருக்கு. அப்பா தப்பா பின்னுனா எனக்குத் தெரியும்" என்றாள்.

இது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை. சடை மட்டுமில்லை, நல்ல நாட்களில் எல்லாம் அவள் அப்பாவைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு எந்த மீன் முள் ஒத்துக்கொள்ளாது, மரச்சீனிக் கிழங்கு வேகவைத்த தண்ணீரை ஏன் கீழே கொட்ட வேண்டும், இடி இடித்தால் நான் எந்தக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன், எந்தப் பல் ஆடுகிறது. அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து என்னைப் பற்றியே பேசிக்கொண்டு என்னை விளையாடக் கூட்டிப்போகாமல் இருப்பது எனக்கு அநியாயமாகத் தோன்றியது.

அப்படி ஒரு நல்ல நாளில்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். வெளியே மழை. அம்மா, காயாத துணிகளை மடக்கு நாற்காலியின் முதுகில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"விட்டு விட்டுன்னா என்னம்மா?"

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கூரைமேல் விழும் மழையைக் கவனித்தாள். சத்தம் குறைந்துகொண்டிருந்தது. ரப்பர் மரங்களிலிருந்து சொட்டும் ஒலி மட்டும் மிஞ்சியது.

"இப்ப மழ விட்டுட்டுல்லா? வா, துணியக் காயப்போடுவோம்."

இரண்டு பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கொடியில் பாதித் துணி போடுவதற்குள் மேற்கே கருத்து வந்தது. அவள் நிறுத்தவில்லை. மீதித் துணியையும் போட்டாள். கடைசித் துணிக்குக் கிளிப் போடும்போது முதல் துளி என் மூக்கில் விழுந்தது. எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு வாசலில் வந்து விழுந்தோம். அவளுக்கு மூச்சு இரைத்தது. சிரித்துக்கொண்டே, "இதுதான் விட்டு விட்டு. விட்ட நேரத்தில உள்ள வேலையப் பாத்துக்கிடணும், கேட்டியா" என்றாள். துணி முன்பைவிட நனைந்துபோயிருந்தது. வேலை பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

திருவனந்தபுரத்துக்கு அவர்கள் பலமுறை போய் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா வெளிறிப்போய் வந்து வாந்தி எடுத்தாள். தலைமுடி கொட்டியது. அவள் தலையில் துண்டைச் சுற்றியிருந்தது ஈரத்தினால் மட்டுமில்லை என்று ஒருநாள் அது நழுவியபோது பார்த்தேன். ஆனால் ஆவணி வாக்கில் காய்ச்சல் விட்டது. விட்டது விட்டதாகவே இருந்தது. ஒரு வாரம், இன்னொரு வாரம் என்று தெர்மாமீட்டர் அலமாரியை விட்டு இறங்கவில்லை. ஓணம் வந்து போனது. அப்பாவின் அக்கா, நான் மாமி என்று கூப்பிடுகிறவள், பக்கத்துத் தெருவில் இருந்தாள். ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை வைக்க வேண்டும் என்று அவள் சொல்லத் தொடங்கினாள். அம்மா மருந்துக்கடைக்குக்கூட இரண்டு நாள் போய் வந்தாள்.

அப்போது ஒரு சனிக்கிழமை திற்பரப்புக்குப் போகலாம் என்றாள். அப்பா எங்கிருந்தோ ஒரு கார் ஏற்பாடு செய்தார். அருவியில் தண்ணீர் நிறையக் கொட்டியது. பெண்கள் குளிக்கும் பக்கம் மாமி என்னைக் கூட்டிப்போய்த் தண்ணீருக்கு அடியில் நிறுத்தினாள். அம்மா குளிக்கவில்லை. ஒரு கல்லில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, கை காட்டிக்கொண்டிருந்தாள். நான் உடுப்பு மாற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டே வந்ததும், கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"ஈர முடியில பின்னத் தெரியணும். மழைக்காலத்தில எல்லா நாளும் காஞ்ச முடி கிடைக்காது."

அத்தனை பேர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்தது. எனக்கு அழுகை வந்தது. ஈரமான முடி அவர் விரலில் இன்னும் மோசமாகச் சிக்கியது. அப்போது குளித்துவிட்டு வந்த ஒரு பெண், நல்ல மனதோடுதான், நின்று கேட்டாள்.

"பிள்ளைக்க தள்ள வரல்லியா? இஞ்ச தாரும், நான் பின்னி விடுதேன்."

தள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் தாய். அப்பா சட்டென்று கையை எடுத்தார். அம்மா கல்லிலிருந்து எழுந்திருக்காமலே, சாதாரணமாகச் சொன்னாள்.

"நாந்தான் தள்ள. அவிய பின்னட்டு."

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். சால்வையையும், தலையில் இறுக்கிக் கட்டியிருந்த துணியையும், புருவம் இல்லாத முகத்தையும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது. ஈரத்துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாகப் படியேறிப் போனாள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. அம்மா சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள், அம்மாவுக்குப் பின்னத் தெரியாது என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள் என்றெண்ணிக் குமைந்தேன். திரும்பும் வழியெல்லாம் அம்மாவோடு பேசவில்லை. அவள் என் தலையைத் தன் மடிக்கு இழுத்தாள். நான் தூங்குவதுபோல் கிடந்தேன். இடது சடையை அவள் விரல் கணுக்கணுவாகத் தொட்டுக்கொண்டே வந்தது. எங்கே தளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அப்பா மஸ்கட்டுக்கு டிக்கெட் போடுவதைப் பற்றிப் பேசினார். நீட்டிய லீவும் முடிந்து நாட்கள் போய்க்கொண்டிருந்தன. கம்பெனியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் அடுக்களையில் இருந்தார்கள். நான் நடுமுற்றத்துக் கதவருகே தரையில் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

"விட்டாச்சுல்லா. ஒரு மாசமாச்சு, எட்டிக்கூடப் பாக்கல்ல. அக்கா இருக்கா, பாத்துக்கிடுவா" என்றார் அப்பா.

பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"டாக்டரு விட்டு விட்டுன்னுதானே சொன்னாவ. விட்டுன்னு ஒருக்கா மட்டும் சொல்லல்லியே" என்றாள் அம்மா.

"எதுக்குட்டி இப்பிடிப் பேசுக? நல்லத நெனயேன்."

"நல்லதத்தான் நெனைக்கேன். நீங்க போறதுன்னா போங்க. பிள்ளைக்க ரெண்டு சடையும் இன்னும் ஒண்ணு போல வரல்ல. அது மட்டும் பாத்துக்கிடுங்க."

அப்பா பின்கதவைத் திறந்துகொண்டு போய் மழை சொட்டும் வாழைகளுக்கு நடுவில் நின்றார். டிக்கெட்டைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வீட்டில் எழவில்லை. என் சடை சரியாக வராததால் எங்கள் அப்பா மஸ்கட்டுக்குப் போகவில்லை என்று நான் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. எனக்கே அது ஒரு காரணமாகத் தோன்றவில்லை. பெரியவர்கள் சொன்னதைத்தான் சொன்னேன்.

இப்போது நான் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறேன். பாடத்தில் இன்டர்மிட்டன்ட் என்ற சொல் வரும்போது கரும்பலகையில் அதை இரண்டாக உடைத்து எழுதுவேன். பழைய லத்தீனில் இன்டர் என்றால் இடையில். மிட்டரே என்றால் விடுவது, அனுப்புவது. இடை, விடு. திருவனந்தபுரத்து நர்ஸ் சொன்ன இடவிட்டு என்பதும் சொல்லுக்குச் சொல் அதேதான். ஒன்றையொன்று பார்த்திராத மொழிகள், நின்று நின்று வருகிற ஒன்றைப் பார்த்து ஒரேமாதிரி யோசித்திருக்கின்றன. தமிழ்ப் பேச்சில் மட்டும் நாம் இடையைத் தூக்கிப்போட்டுவிட்டு விடுவதையே இரண்டு தடவை சொல்கிறோம். மழை விட்டது, பள்ளிக்கூடம் விட்டது என்று ஒருமுறை சொன்னால் காரியம் முடிந்தது. விட்டு விட்டு என்றால் முடியவில்லை. திரும்ப வரும் என்பதற்கு அந்தச் சொல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. வருவதைச் சொல்லாமலே அது வரும் என்று இரண்டாவது விட்டு சொல்லிவிடுகிறது. பிள்ளைகளிடம் இவ்வளவையும் நான் சொல்வதில்லை. எனக்கு இதை அகராதி கற்றுத்தரவில்லை. அடுக்களையில் சாம்பல் கையோடு நின்ற ஒருத்தி, தன் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது.

அன்றைக்கு அது என் காதில் ஒரு விதியாக விழுந்தது. ஒருக்கா மட்டும் சொன்னால் காய்ச்சல் திரும்பாது, இரண்டு தடவை சொன்னால் வந்துவிடும். அதிலிருந்து யார் கேட்டாலும் நான் முந்திக்கொண்டு, விட்டாச்சு என்று ஒரே ஒரு முறை சொல்லி வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா, விட்டு விட்டு வருகிற இந்தக் காய்ச்சலை என்று உருக்கமாகத் தொடங்கியபோது நான் கண்ணைத் திறந்து, மாமியின் கையைப் பிடித்து இழுத்து, ஒருக்கா சொல்லச் சொல்லுங்க என்றேன். மாமி என் தொடையில் கிள்ளினாள். ஆண்டவர் கேட்பதற்குள் இரண்டாவதும் சொல்லப்பட்டுவிட்டது என்ற கலக்கத்தில் நான் அன்று காணிக்கைத் தட்டைக்கூடக் கவனிக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா போர்வைக்குள் இருந்தாள். பல் கிட்டும் சத்தம் வாசலிலேயே கேட்டது. அப்பா அவள் காலைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். மறுநாள் அவளைக் காரில் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஏறும்போது அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. தான் காய்ச்சல்காரி என்று நினைத்தோ என்னவோ, தள்ளி நிறுத்தி, என் தலையைப் பார்த்து, ரிப்பனை மட்டும் சரிசெய்தாள். அவள் என் முடியைத் தொட்டது கடைசியாக அன்றைக்குத்தான்.

நான் மாமி வீட்டில் இருந்தேன். மாமி நன்றாகப் பின்னுவாள், கண் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கமாக. எனக்கு அது பிடிக்கவில்லை. இடையிடையே அப்பா மாற்றுத்துணி எடுக்க வருவார். தாடி வளர்ந்து, கண் குழிந்து வருவார். வந்ததும் முகம் கழுவிவிட்டு மாமி வீட்டுப் பின்வாசல் படியில் என்னை உட்காரவைத்து, மாமி பின்னியதை அவிழ்த்து, திரும்பப் பின்னுவார். களைப்பில் சிலசமயம் அவர் கை பாதியில் நின்றுவிடும். நான் அசைந்தால் மறுபடி ஓடும். அம்மா எப்போ வருவா என்று கேட்டால், விடட்டு மக்களே, விட்டதும் வந்திருவா என்பார்.

ஒரு காலையில் அவர் முதல் ரயிலில் வந்தார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுக்களைக்குள் போய் மாமியிடம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"இப்ப விட்டு விட்டு இல்லக்கா."

மாமி அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காய்ச்சல் சில நாட்களாக இறங்கவே இல்லை, எந்த மருந்துக்கும் இறங்கவில்லை, அம்மா பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவர் சொன்னதன் பொருள் அவ்வளவும்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குக் கேட்டது வேறு. நான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த அந்த இரட்டைச் சொல் ஒழிந்துபோய்விட்டது. ஆலயத்தில் வேண்டுதல் பலித்தவர்கள் இப்படித்தான் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்தி அழுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். அம்மாவப் பாக்கப் போவோம், கிளம்பு மக்களே என்றார் அப்பா. வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிப்போய் நல்ல கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அப்பா படியில் உட்கார்ந்து சீப்பைக் கையில் வாங்கினார். ஒரே இழுப்பில் வகிடு எடுத்தார். முடியை மூன்றாகப் பிரித்தார். அன்று அவர் விரலில் ஒரு முடிகூடச் சிக்கவில்லை. எனக்கு வலிக்கவில்லை. அவர் பின்னிக்கொண்டிருக்கிறார் என்பதே தெரியாமல் நான், அம்மா வந்ததும் எங்கெல்லாம் போகவேண்டும் என்று பேசிக்கொண்டேயிருந்தேன். மடித்துக் கட்டி முடித்ததும் ஓடிப்போய் மாமியின் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். இரண்டும் ஒரே தடிமன், ஒரே நீளம். காதிலிருந்து ஒரே தூரம்.

"ரெண்டும் ஒண்ணு போல வந்துட்டு. இனி நீங்க மஸ்கட்டுக்குப் போலாம்ப்பா" என்றேன், அவர் சந்தோஷப்படுவார் என்று.

அப்பா சீப்பில் இருந்த என் முடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே தோட்டத்தைப் பார்த்து நின்றார். திரும்பவும் அவ்வளவு தூரம் போகவேண்டுமே என்ற வருத்தம்தான் அது என்று எனக்குத் தோன்றியது. ரயிலுக்கு நேரமாகிறது, அம்மா காத்துக்கொண்டிருப்பாள் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.